கோப்பர்நிக்கஸ் 30 மீட்டர் உயரத் தரவு: சிற்றோடையின் வடிநிலத்தை எவ்வளவு நம்பி வரையலாம்?

ஓர் ஓடைக்கு எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்ற கேள்விக்கு வரைபடத்தில் கிடைக்கும் விடை மூடிய ஒற்றைக் கோடுதான். அந்தக் கோடு சூழ்ந்த நிலமே ஓடையின் வடிநிலம். கோட்டுக்கு உள்ளே விழும் மழையில் மண்ணும் மரஞ்செடிகளும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியது அந்த ஓடைக்கு வந்து சேரும். வெளியே விழுவது பக்கத்து ஓடையின் பங்கு. சிறுபாலத்துக்கு எத்தனை கண் வைக்க வேண்டும், தடுப்பணையில் எவ்வளவு நீர் தேங்கும், மேற்பகுதியில் ஒரு கல்குவாரி வந்தால் கீழே யாருடைய கிணறு கலங்கும் என்பன போன்ற கேள்விகள் எல்லாம் இந்தக் கோட்டை வரைந்த பிறகே தொடங்குகின்றன. முன்பெல்லாம் சமவுயரக் கோடுகள் அச்சான நிலவரைபடத்தை மேசையில் விரித்து, முகடுகளைப் பென்சிலால் தொடர்ந்து சென்று இதை வரைந்தார்கள். இப்போது செயற்கைக்கோள் அளந்த உயரத் தரவை இறக்கிக்கொண்டு, கணினியில் சில நிமிடங்களில் வரைந்துவிடுகிறோம். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் தரவுகளில் இன்று பலர் முதலில் எடுப்பது ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் வழங்கும் 30 மீட்டர் உயரத் தரவு, சுருக்கமாக ஜிஎல்ஓ-30. சிற்றோடைகளின் வடிநிலத்தை வரையும் வேலையில் அது எவ்வளவு தேறுகிறது என்பதே இந்த மதிப்பீட்டின் பொருள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைச்சரிவிலும் மேடுபள்ளமான நிலத்திலும் ஓடும் ஓடைக்கு, உலகம் முழுவதற்கும் ஒரே தரத்தில் கிடைக்கும் இலவசத் தரவுகளில் இதற்கே முதலிடம் கொடுப்பேன். சமவெளிக்கு இறங்கிய பிறகு அதே தரவு, அதே தோரணையோடு, தவறான கோட்டையும் வரைந்து தரும். சரியான கோடும் தவறான கோடும் திரையில் ஒரே தடிமனில்தான் தெரிகின்றன என்பதால், எந்த இடத்தில் நம்பிக்கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவர்தான் கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தத் தரவின் மூலம் ஜெர்மனியின் டெர்ராசார்-எக்ஸ், டான்டெம்-எக்ஸ் என்ற இரண்டு ரேடார் செயற்கைக்கோள்கள். முன்னது 2007-இலும் பின்னது 2010-இலும் ஏவப்பட்டன. சில நூறு மீட்டர் இடைவெளியில் இணைந்து பறந்த இவை, ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடார் அலைகள் ஒரே நிலத்தில் பட்டு இரண்டு இடங்களுக்குத் திரும்பி வருவதில் உண்டாகும் சிறு வேறுபாட்டிலிருந்து நிலத்தின் உயரத்தைக் கணித்தன. அளவீடுகளில் பெரும்பாலானவை 2011-க்கும் 2015-க்கும் இடைப்பட்டவை. ரேடாருக்கு மேகமும் இரவும் தடையில்லை. ஆண்டின் பாதி நாட்கள் மேகம் மூடிக் கிடக்கும் மலைப்பகுதிகளுக்கு இது பெரிய அனுகூலம். அமைதியான நீர்ப்பரப்பிலிருந்து அலை சரியாகத் திரும்பாது என்பதால், ஏரிகளும் அகலமான ஆறுகளும் மூலத் தரவில் முள்முள்ளாகத் தெரியும். ஆகவே ஏரிக்கு ஒரே மட்டமும், ஆற்றுக்குக் கீழ்நோக்கி மட்டுமே இறங்கும் மட்டமும் அமையுமாறு திருத்திய பிறகுதான் 30 மீட்டர், 90 மீட்டர் இடைவெளிகளில் பொதுப் பயன்பாட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் திருத்தம் பெரிய ஆறுகளுக்குத்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நான்கைந்து மீட்டர் அகலமுள்ள ஓடையை யாரும் தொட்டுத் திருத்தவில்லை.

தரவைப் பெறுவதில் பெரிய சிக்கல் எதுவும் கிடையாது. அட்சரேகையில் ஒரு பாகை, தீர்க்கரேகையில் ஒரு பாகை என்ற அளவில் கோப்புகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. கோப்பின் பெயரில் இருக்கும் எண்கள் அதன் தென்மேற்கு மூலையைக் குறிப்பவை. ஓபன்டோபோகிராஃபி போன்ற தளங்களில் தேவையான செவ்வகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளவும் வசதி உண்டு. அப்படி வெட்டும்போது ஓடையை ஒட்டிச் சிக்கனமாக வெட்டக் கூடாது. வடிநிலத்தின் எல்லை எங்கே போகிறது என்பது தெரியாததால்தான் இந்த வேலையையே தொடங்குகிறோம். எல்லை செவ்வகத்துக்கு வெளியே போய்விட்டால், கணிப்பு விளிம்பைத் தொட்டு நேர்கோட்டில் முடிந்துவிடும். வடிநிலத்தின் ஓரம் சந்தேகத்துக்கிடமாக நேராக இருந்தால், பெரும்பாலும் அது முகடாக இருக்காது, கோப்பின் விளிம்பாகத்தான் இருக்கும். ஓடை இரண்டு கோப்புகளின் எல்லையைக் கடந்தால் இரண்டையும் முதலில் ஒன்றாக இணைத்துவிட்டு, அதன் பிறகுதான் கணிப்பைத் தொடங்க வேண்டும்.

விவரக்குறிப்பில் பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு நல்ல அம்சம், உயரங்கள் தசம எண்களாகப் பதிவாகியிருப்பது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம், 60 மீட்டர் நீளக் கம்பத்தின் நுனியில் இரண்டாவது ரேடார் அலைவாங்கியைப் பொருத்திக்கொண்டு 11 நாட்கள் சுற்றி எடுத்த எஸ்ஆர்டிஎம் தரவில் உயரங்கள் முழு மீட்டர்களாக இருக்கும். மலையில் அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. மெதுவாகச் சாயும் நிலத்தில், ஒரு மீட்டர் இறங்குவதற்கே அரைக் கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும் இடத்தில், நிலம் முழுவதும் அகன்ற படிகளாக மாறி, ஓட்டத் திசையைக் கணிக்கும் நிரல் படியின் நடுவில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நேர்நேரான, இணைகோடுகள் போன்ற ஓடைகளை வரைந்துவிடும். கோப்பர்நிக்கஸ் தரவில் இந்தப் படிகள் இல்லை. இருபதாண்டுக்கு மேலாக எஸ்ஆர்டிஎம்-ஐ வைத்தே பழகியவர்கள் மாறிக்கொள்ள இந்த ஒன்றே போதிய காரணம்.

இனி வரையும் முறைக்கு வருவோம். இத்தரவை நான் கியூஜிஐஎஸ் என்ற திறமூல மென்பொருளில், அதனுடன் சேர்ந்து இயங்கும் கிராஸ் கருவிகளைக் கொண்டு பயன்படுத்துகிறேன். அடிப்படைக் கணிப்பு எளிமையானது. தரவு நிலத்தை 30 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் உயரம் தருகிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் எட்டு அண்டைக் கட்டங்கள் உண்டு. அவற்றில் மிகச் செங்குத்தாக இறங்கும் திசையில் நீர் போகும் என்று கொள்வதுதான் 1984-இல் ஓ'கலகனும் மார்க்கும் வெளியிட்ட, டி-8 என்று வழங்கும் முறை. எல்லாக் கட்டங்களுக்கும் திசை கிடைத்த பிறகு, ஒவ்வொரு கட்டத்தின் வழியாகவும் மேலிருந்து எத்தனை கட்டங்களின் நீர் கடக்கிறது என்று எண்ணினால் நீர்த்திரட்சிப் படம் கிடைக்கும். அந்த எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டும் கட்டங்களை இணைத்தால் ஓடைகளின் வலைப்பின்னல் தெரியும். ஒரு கட்டம் 900 சதுர மீட்டர் என்பதால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1,100 கட்டங்கள்.

பல கருவிகள் இந்தக் கணிப்புக்கு முன்பு தரவிலுள்ள பள்ளங்களை எல்லாம் நிரப்பச் சொல்லும், ஏனென்றால் எட்டுப் பக்கமும் உயர்ந்திருக்கும் கட்டத்தில் இறங்கிய நீருக்கு வெளியேற வழி கிடையாது. கிராஸ் தரும் ஆர்.வாட்டர்ஷெட் கருவி பள்ளங்களை நிரப்பாமலே, மிகக் குறைந்த தடையுள்ள வழியைத் தேடி அவற்றைக் கடந்துவிடுகிறது. பிழைகள் நிறைந்த ரேடார் தரவுக்கு இதுவே பொருத்தமான அணுகுமுறை என்பது என் அனுபவம். அதன் இன்னொரு குணமும் குறிப்பிடத்தக்கது: வெட்டிய செவ்வகத்துக்கு வெளியிலிருந்தும் நீர் வரக்கூடிய கட்டங்களுக்கு அது எதிர்க்குறி எண்ணைக் கொடுத்துவிடும். தமது ஓடையின் வெளியேறும் இடத்தில் எதிர்க்குறி எண்ணைக் கண்டவர், வடிநிலம் முழுமையாகத் தமது செவ்வகத்துக்குள் இல்லை என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

வெளியேறும் இடத்தைக் குறிப்பதுதான் புதியவர்களைத் தடுமாற வைக்கும் படி. ஓடை ஆற்றில் சேரும் இடத்தையோ பாலத்தையோ செயற்கைக்கோள் படத்தில் பார்த்து, அங்கே சொடுக்கினால் போதும் என்று தோன்றும். தரவு காணும் ஓடை, உண்மையான ஓடையிலிருந்து ஒன்றிரண்டு கட்டங்கள் தள்ளியே பெரும்பாலும் ஓடுகிறது. சொடுக்கிய புள்ளி அந்தக் கணித ஓடையின் மேல் விழாமல் பக்கத்துக் கட்டத்தில் விழுந்தால், இருபது சதுர கிலோமீட்டர் வடிநிலத்துக்குப் பதிலாகக் கரைச்சரிவின் ஏழெட்டுக் கட்டங்கள் மட்டும் ஒரு சிறு துணுக்காக வந்து நிற்கும். ஆகவே புள்ளியைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைக்காமல், நீர்த்திரட்சிப் படத்தை நன்றாகப் பெரிதாக்கி, எண்கள் திடீரென்று ஆயிரக்கணக்கில் உயரும் கட்டத்தின் மேல் வைக்க வேண்டும். இரண்டு ஓடைகள் கூடும் இடமாக இருந்தால், கூடலுக்கு ஒரு கட்டம் மேலே தள்ளி வைப்பது நல்லது. கூடற்புள்ளியிலேயே வைத்தால் அடுத்த ஓடையின் வடிநிலமும் சேர்ந்து வந்துவிடும்.

இப்படி வரைந்த கோட்டை மலைப்பகுதியில் பழைய நிலவரைபடத்தின் சமவுயரக் கோடுகளோடு ஒப்பிட்டால் மகிழ்ச்சியாக இருக்கிறது. ஐந்துக்கு ஒன்று என்று சாயும் சரிவில் ஒவ்வொரு கட்டத்துக்கும் 6 மீட்டர் இறக்கம். தரவின் சார்புப் பிழை, அதாவது அருகருகே உள்ள இடங்களின் உயர வேறுபாட்டில் வரக்கூடிய பிழை, சாய்வு 20 சதவீதம் வரையுள்ள நிலத்தில் 2 மீட்டருக்குள்ளும், அதைவிடச் செங்குத்தான நிலத்தில் 4 மீட்டருக்குள்ளும் இருக்கும் என்பது பத்தில் ஒன்பது பங்கு இடங்களுக்குத் தரவை வழங்குவோர் தரும் உறுதி. இறக்கம் பிழையைவிடப் பெரியது என்பதால் முகட்டின் இடம் ஒன்றிரண்டு கட்டங்களுக்கு மேல் பிசகுவதில்லை. தொடக்கச் சிற்றோடைகள் எந்த மடிப்பில் பிறக்கின்றன, எந்தச் சரிவில் ஓடைகள் இணையிணையாக இறங்குகின்றன, பாறையின் வரிசையால் திருப்பிவிடப்பட்டு எங்கே செங்கோணத்தில் மடிகின்றன என்பதெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஓடையின் நீளவெட்டை, அதாவது ஊற்றிலிருந்து கூடல் வரையிலான உயரங்களைத் தூரத்துக்கு எதிராக வரைந்து பார்ப்பது தனி இன்பம். மேலே செங்குத்தாகத் தொடங்கி, கீழே போகப் போகக் குழிந்து தணியும் அந்த வளைவில் ஓரிடத்தில் மட்டும் திடீர் முறிவு இருந்தால், அங்கே கடினமான பாறையோ அருவியோ இருக்க வாய்ப்புண்டு. இருபது மீட்டர் அருவியை இந்தத் தரவு சரிவாக்கிக் காட்டினாலும், இல்லாமல் ஆக்கிவிடுவதில்லை.

சமவெளியில் கணக்கு தலைகீழாகிறது. ஆயிரத்துக்கு ஒன்று என்று சாயும் நிலத்தில் ஒரு கட்டத்துக்கான இறக்கம் 3 சென்டிமீட்டர். சார்புப் பிழையோ 2 மீட்டர் வரை. நிலம் உண்மையில் 2 மீட்டர் இறங்குவதற்கு 2 கிலோமீட்டர் போக வேண்டும். அதற்குள் தரவிலுள்ள ஏற்ற இறக்கங்கள் நீரை எந்தப் பக்கமும் திருப்பிவிடக் கூடும். அண்டைக் கட்டங்களின் பிழைகள் ஓரளவு ஒரே திசையில் சாய்வதால், நடைமுறை இந்தக் கணக்கு காட்டும் அளவுக்கு மோசமாக இருப்பதில்லை. ஆனாலும் இரண்டு ஓடைகளுக்கு இடையிலுள்ள நீர்ப்பிரிமேடு அரை மீட்டர் உயர வரப்பாக இருக்கும் நிலத்தில், அதை இந்தத் தரவிடம் கேட்பது அதன் தகுதிக்கு மீறிய கேள்வி. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. தரவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் தற்செயலாக ஒரு மீட்டருக்குள் கூட்டியோ குறைத்தோ, அதே கணிப்பைப் பலமுறை திரும்பத் திரும்ப ஓட்டுவது. எல்லாக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம் நம்பத்தக்க முகடு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வழியாகப் போகும் இடத்தில் நேரில் போய் மட்டம் எடுத்தாக வேண்டும். நேரில் போகும்போது மழைநாளில் போவது கூடுதல் பயன் தரும்.

சமவெளியைவிடவும் என்னைச் சோதித்தது மரங்கள். மூன்று சென்டிமீட்டர் அலை, அடர்ந்த இலைக்கூட்டத்துக்குள் ஆழமாக இறங்காது. ஆகவே இது தரையின் உயரத்தைக் காட்டும் தரவு அன்று, மரத்தின் உச்சிக்கும் தரைக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு மேற்பரப்பைக் காட்டும் தரவு. காடு முழுவதும் ஒரே உயரத்தில் இருந்தால் எல்லாம் சேர்ந்து உயர்ந்திருக்கும், ஓட்டத் திசை கெடாது. ஓடைக்கரையில் மட்டும் நெடுமரங்கள் வரிசையாக நின்று, இரு பக்கமும் திறந்த வயலாக இருக்கும் இடத்தில்தான் விபரீதம். ஓடைக்குக் குறுக்கே வெட்டி உயரங்களைப் படித்தால் வயல் 41 மீட்டர், அடுத்த கட்டம் 47, அதற்கடுத்தது 48, மறுகரை வயல் மீண்டும் 41 என்ற பாங்கில் எண்கள் வரும். நிலத்திலேயே மிகத் தாழ்ந்த இடமான ஓடை, தரவில் ஒரு குன்றுத்தொடராக எழுந்து நிற்கிறது! நிரல் அதை நீர்ப்பிரிமேடு என்று எடுத்துக்கொண்டு, ஓடையின் இரு கரைகளையும் இரண்டு வெவ்வேறு வடிநிலங்களாகப் பிரித்துக் கொடுக்கும். உச்சிமுகட்டில் பாதி வெட்டப்பட்டு, பாதி காடாக நிற்கும் இடத்திலும் எல்லை காட்டின் விளிம்பை நோக்கி நகர்ந்துவிடுகிறது.

இதற்கு ஓரளவு மருந்து ஃபேப்டெம் என்ற தரவு. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதே கோப்பர்நிக்கஸ் தரவிலிருந்து மரங்களையும் கட்டடங்களையும் இயந்திரக் கற்றல் மூலம் கழித்து 2022-இல் வெளியிட்டது இது. மரம் சூழ்ந்த ஓடைகளுக்கு நான் இதைத்தான் முதலில் பயன்படுத்துகிறேன். வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டுமே உரிமம் கொடுத்திருப்பதால், கட்டணம் பெற்றுச் செய்யும் வேலைக்கு இதைத் தொட முன்பு உரிமத்தைப் படித்துவிட வேண்டும். கழிப்பதும் ஒரு மதிப்பீடுதான் என்பதால் சில இடங்களில் உண்மையான சிறு மேடுகளும் வழித்தெடுக்கப்பட்டிருக்கும். இரண்டு தரவிலும் தனித்தனியே வரைந்து ஒப்பிடுவது பாதுகாப்பானது.

சாலைக்கரையும் ரயில்பாதைக் கரையும் உண்டாக்கும் தொல்லை வேறு வகை. நான்கு மீட்டர் உயரக் கரை தரவில் பதிவாகிறது. அதன் அடியிலிருக்கும் சிறுபாலம் பதிவாவதில்லை, வானிலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் அது தெரியாது. விளைவாக ஓடை கரையில் முட்டி, பக்கவாட்டில் ஓடி, கரை தாழ்ந்திருக்கும் இடத்தில் தாண்டி, அடுத்த ஓடையின் வடிநிலத்துக்குள் புகுந்துவிடும். வானிலிருந்து லேசர் ஒளியால் அளந்த, ஒரு மீட்டர் இடைவெளியுள்ள லைடார் தரவும் இதைத் தீர்க்காது. கரை இன்னும் கூர்மையாகத் தெரிவதால் தொல்லை அதிகமாகும். செய்ய வேண்டியது கைவேலை: சிறுபாலங்களின் இடங்களைச் செயற்கைக்கோள் படத்திலும் நேரிலும் குறித்து, அந்தக் கட்டங்களின் உயரத்தைச் சில மீட்டர் குறைத்துக் கரையைத் ‘திறந்துவிட’ வேண்டும். தெரிந்த ஓடை முழுவதையுமே தரவில் ஒரு சால்போல இறக்கிவிடும் முறையும் உண்டு. அப்படிச் செய்தால் ஓடை இருக்க வேண்டிய இடத்தில் அமைந்துவிடும். வடிநிலத்தின் எல்லை அதனால் தானாகச் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது, எல்லை தொலைவிலுள்ள முகட்டில் முடிவாகும் விஷயம்.

மாற்றுத் தரவுகளில் எஸ்ஆர்டிஎம்-ஐப் பற்றிச் சொல்லியாயிற்று. அது வடக்கே 60 பாகை, தெற்கே 56 பாகை அட்சரேகைகளுக்கு இடையில் மட்டுமே உண்டு என்பது கூடுதல் குறை. ஆஸ்டர், ஜப்பானின் ஏடபிள்யூ3டி30 ஆகியவை ஒளிப்படச் சோடிகளிலிருந்து கணித்தவை. பின்னது மலைகளில் நன்றாகவே இருக்கிறது, முன்னதைச் சிற்றோடைக்குப் பரிந்துரைக்க மாட்டேன். ஹைட்ரோஷெட்ஸ் தரவுத்தொகுப்பு வடிநிலங்களை ஏற்கெனவே வரைந்தே தந்துவிடுகிறது என்பதால் பலருக்கு ஆசை காட்டும். அதன் மிக நுண்ணிய மட்டத்திலேயே ஒரு துணைவடிநிலம் சராசரியாக ஏறத்தாழ 130 சதுர கிலோமீட்டர். பத்து சதுர கிலோமீட்டர் ஓடை அதற்குள் எங்கோ கரைந்துபோகும்.

எந்த உயரத் தரவாலும் சொல்ல முடியாத சிலவும் உண்டு, அவற்றுக்காக இந்தத் தரவின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் நார்த் டூ ஓஷன் என்ற ஓடை, மலைக்கணவாய் ஒன்றில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை யெல்லோஸ்டோன், மிசௌரி, மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. மற்றது ஸ்நேக், கொலம்பியா வழியாகப் பசிபிக்கைச் சேர்கிறது. ஒரு கட்டத்து நீர் ஒரு திசையில்தான் போகும் என்று கொள்ளும் டி-8 முறை, இப்படிப்பட்ட இடத்தில் ஒரு பெருங்கடலை முழுவதுமாகப் புறக்கணித்துவிடும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் சிக்கல் தரைக்கு அடியில் இருக்கிறது. ஜெர்மனியில் இம்மெண்டிங்கன் அருகே டான்யூப் ஆற்றின் நீர் படுகைக்குள் இறங்கி, பன்னிரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் ஆக் ஊற்றில் வெளிப்பட்டு, ரைன் நதியில் சேர்கிறது. 1877-இல் உப்பையும் ஒளிரும் சாயத்தையும் ஆற்றில் கலந்து இதை நிரூபித்தார்கள். மேற்பரப்பு முகட்டின்படி கருங்கடலுக்குப் போக வேண்டிய நீர், வடகடலுக்குப் போகிறது. நமது ஓடைக்கு மேலே சுண்ணாம்புப் பாறை இருந்தால், வரைந்த எல்லையை மேற்பரப்பு எல்லை என்று மட்டுமே எழுதி வைக்க வேண்டும்.

எல்லையை வரைந்த கையோடு ஓடையின் வரிசை எண், வடிகால் அடர்த்தி (ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடை என்ற கணக்கு) போன்றவற்றையும் கணித்து அறிக்கையில் அட்டவணையாக இடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இதில் எனக்கு உடன்பாடு குறைவு. ஹார்ட்டன் 1945-இல் வகுத்து, ஸ்ட்ராலர் 1952-இல் திருத்திய வரிசை முறையில், இரண்டு முதல்வரிசை ஓடைகள் கூடினால் இரண்டாம் வரிசை, இரண்டு இரண்டாம் வரிசை ஓடைகள் கூடினால் மூன்றாம் வரிசை என்று எண் ஏறும். எது முதல் வரிசை ஓடை என்பதோ, நீர்த்திரட்சி வரம்பை 200 கட்டங்கள் என்று வைக்கிறோமா 1,000 என்று வைக்கிறோமா என்பதைப் பொறுத்தது. வரம்பைப் பாதியாகக் குறைத்தால் ஓடைகளின் மொத்த நீளம் கூடுகிறது, அடர்த்தியும் கூடுகிறது. நிலத்தில் எதுவும் மாறவில்லை. வரம்பைச் சொல்லாமல் தரும் வடிகால் அடர்த்தி எண்ணைப் படிக்கவே தேவையில்லை. தரவு வரையும் ஓடைக்கோடு நீர் ஓடக்கூடிய பள்ளத்தைத்தான் குறிக்கிறது. அதில் ஆண்டு முழுவதும் நீர் ஓடுகிறதா, பெருமழையில் மட்டும் ஓடுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

பரப்பளவுக்கு வருவோம், ஏனென்றால் பொறியாளர் கடைசியில் கேட்பது அதைத்தான். இறக்கிய கோப்பு பாகைகளில் இருப்பதால், மீட்டர் அளவுள்ள வீழலுக்கு, அதாவது கோளப் பரப்பைத் தட்டையாக விரிக்கும் வரைபட முறைக்கு, மாற்றிவிட்டோ, புவிக்கோளத்தின் மேல் கணிக்கும் வசதியைப் பயன்படுத்தியோ பரப்பை எடுக்க வேண்டும். எல்லை முழுவதும் ஒரு கட்டம், அதாவது 30 மீட்டர், ஒரே பக்கமாகப் பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 100 சதுர கிலோமீட்டர் வடிநிலத்தில் பிழை ஒன்றரைச் சதவீதத்துக்குள் அடங்கும். 10 சதுர கிலோமீட்டரில் அது நான்கைந்து சதவீதம். ஒரு சதுர கிலோமீட்டரில் பதின்மூன்று, பதினான்கு சதவீதம். உண்மையில் பிசகு இரு பக்கமும் நிகழ்ந்து பெருமளவு தானே ஈடுசெய்துகொள்ளும் என்பதால் இவை மேல்வரம்புகள். ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு சதுர கிலோமீட்டரில் விழுந்தால் 1,000 கன மீட்டர் நீர். உச்ச வெள்ளத்துக்கான எளிய சூத்திரத்தில் பரப்பு நேர்விகிதத்தில் வருவதால், பரப்பில் ஐந்து சதவீதப் பிழை வெள்ளத்திலும் ஐந்து சதவீதம்தான். வழிந்தோடும் விகிதத்தை ஊகிப்பதில் நேரும் பிழை அதைவிடப் பலமடங்கு. ஆகவே சரிவான நிலத்தில் சில சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட ஓடைக்கு இந்தத் தரவு தாராளமாகப் போதும். கரையொன்று ஓடையை அடுத்த வடிநிலத்துக்குத் திருப்பிவிட்டால் நேரும் பிழை இந்தச் சதவீதங்களில் அடங்காது, பாதி வடிநிலமே காணாமல் போகும். சோதிக்கும் நேரத்தை முகட்டின் நுணுக்கத்தில் செலவிடுவதைவிடச் சிறுபாலங்களைத் தேடுவதில் செலவிடலாம்.

வாங்குவோருக்கு, அதாவது இறக்கிக்கொள்வோருக்கு, இரண்டு குறிப்புகள் மிச்சம். உயரங்கள் சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஈஜிஎம்2008 என்ற புவிவடிவ மாதிரியைத் தழுவியவை. ஜிபிஎஸ் கருவி நேரடியாகக் காட்டும் நீள்வட்டக்கோள உயரத்தோடு ஒப்பிட்டால் பல மீட்டர் வேறுபாடு தெரியும், அது தரவின் பிழையன்று. தரவு காட்டும் நிலம் பெரும்பாலும் 2015 வரையிலானது: அதன் பிறகு வெட்டிய குவாரி, எழுப்பிய புறவழிச்சாலை, தோண்டிய வெள்ள வாய்க்கால் போன்றவை பெரும்பாலும் இதில் இரா. அண்மைய செயற்கைக்கோள் படத்தை வடிநில எல்லைக்குள் ஒருமுறை முழுவதும் நகர்த்திப் பார்த்து, அப்படிப்பட்ட இடங்களைத் தனி அடுக்கில் குறித்துவைத்துவிட்டு, வரைபடத்தின் ஓரத்தில் உரிமம் கேட்கும் நன்றிக்குறிப்போடு தரவின் பதிப்பையும் எழுதிவிட்டால், பின்னால் அதை எடுத்துப் பார்ப்பவர் எந்த ஆண்டின் நிலத்தைப் பார்க்கிறார் என்ற குழப்பம் இருக்காது.